பொங்கலன்று நான் எழுதிய இரண்டு வரிகள்

உங்கள் படிவம் வந்து சேர்ந்தது. ஏரி, குளம், கழிவெளி எல்லாவற்றையும் ஊர் ஊராகப் போய்ப் பட்டியல் எடுக்கப் போகிறோம், அதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். பார்த்தேன். கல்கத்தாவில் நாங்கள் போட்ட படிவத்துக்கு இது எவ்வளவோ தேவலை. ஆனால் இரண்டாம் பக்கத்தில் ‘தற்போதைய நிலை’ என்று ஒரு கட்டம் போட்டு, பக்கத்திலேயே ‘நீர் உள்ளது, புதர் மண்டியது, வறண்டது’ என்று மூன்று சொற்களை அச்சடித்திருக்கிறீர்கள் பாருங்கள், அதைப் படித்ததும்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். போதாததற்கு, கல்லூரி விடுமுறை என்பதால் சித்திரையில் கிளம்புகிறோம் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். சித்திரையில் எந்த ஏரியில் ஐயா தண்ணீர் இருக்கும்?

கிழவி புலம்புகிறாள் என்று நினைத்தாலும் பரவாயில்லை. இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

என்னைப் பற்றி உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அப்பாவுக்குக் கல்கத்தாத் துறைமுகத்தில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மூன்று வருஷத்துக்கென்று போனவர் அங்கேயே தங்கிவிட்டார். லேக் கார்டன்ஸில் வாடகை வீடு. நான் அங்கே படித்து, ஈரநிலங்களைக் காப்பதற்கென்று இருந்த ஒரு சின்ன அமைப்பில் வேலைக்குச் சேர்ந்தேன். காளிகாட்டில் ஒரு பித்தளைப் பாத்திரக் கடைக்கு மேலே இரண்டு அறை, அவ்வளவுதான் அலுவலகம். நாங்கள் கொடி பிடிப்பவர்கள் இல்லை. எந்தக் குளம் எங்கே இருக்கிறது, அதை நம்பி யார் பிழைக்கிறார்கள், தண்ணீரைச் சோதித்துத் தர எந்த ஆய்வுக்கூடம், ஆக்கிரமிப்பு வந்தால் எந்த அலுவலகம், எந்த வக்கீல், எந்த அமைப்பு என்று விவரம் சேர்த்துவைத்து, கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பதுதான் வேலை. நான் அந்த விவரங்களுக்குப் பொறுப்பாளி. அந்தப் பதவியில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

கல்கத்தாவின் கிழக்கே, நகரத்தின் சாக்கடை நீரைக் கால்வாயில் கொண்டுபோய்ப் பெரிய பெரிய ஆழமில்லாத குளங்களில் விடுவார்கள். வெயிலில் அது தானாகத் தெளியும். அதில் மீன் வளர்ப்பார்கள். அந்தக் குளத்துக்குப் பேரி என்று பெயர். முகத்தைச் சுளிக்காதீர்கள். நகரம் கழித்து விட்டதை நகரத்துக்கே மீனாகத் திருப்பிக் கொடுக்கிற ஏற்பாடு அது, மீனவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்தது. தொண்ணூறுகளில் அந்தப் பக்கத்து நிலத்தின் மேல் எல்லாருக்கும் கண். குளத்தைத் தூர்த்தால் வீடு கட்டலாம். அதனால்தான் எங்கள் இயக்குநர் எல்லாப் பேரிகளையும் பட்டியலிட்டு ஒரு கையேடு போடவேண்டும் என்றார். ‘பேப்பர்ல இருக்கற குளத்தைத் தூர்க்கறது கஷ்டம்’ என்பார். படிவத்தை நான்தான் தயாரித்தேன். அதிலும் ‘தற்போதைய நிலை’ என்று ஒரு கட்டம் இருந்தது. உங்களுடையது மாதிரியேதான்.

குளிர்காலத்தில் களப்பணி. கல்கத்தாவில் வெளியே சுற்ற லாயக்கான காலம் அதுதான். ஆளுக்குக் கொஞ்சம் குளங்கள் என்று பிரித்துக்கொண்டு போனோம். மாதக் கடைசியில் புத்தகம் அச்சுக்குப் போகவேண்டும். என் பங்கில் இரண்டு குளங்கள் மட்டும் மிச்சம் இருந்தன. பொங்கல் அன்று, முடித்துவிடலாமே என்று காலையில் கிளம்பினேன். அம்மா வாசலில் நின்று சத்தம் போட்டாள்.

“நல்ல நாளும் அதுவுமா எங்கட்டி போற? ரெண்டு மணிக்குள்ள வந்துரு. மாமா வீட்டுல எல்லாரும் வாராவ. நீ வந்துதான் சாப்பாடுன்னு உக்காந்துருக்க முடியாது, சொல்லிட்டேன்.”

பேருந்தில் போய், அப்புறம் சைக்கிள் வேன் என்கிற, பலகை வைத்த மூன்றுசக்கர மிதிவண்டியில் ஏறி, முதல் குளத்துக்குப் போய்ச் சேரவே பதினொன்றரை ஆகிவிட்டது. கரையில் ஏறிப் பார்த்தால் குளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் ஒரு மாடு நின்றது. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் பலகை துருப்பிடித்துச் சாய்ந்திருந்தது. நொத்துன் பேரி என்று அதில் எழுதியிருந்தது. புதுக்குளம் என்று அர்த்தம், பெயர்தான் புதிது. சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. எதிர்க்கரையில், குடிசைகள் இருந்த இடத்தில், யாரோ ஒரு பெண் கையசைத்த மாதிரி இருந்தது. நானும் அசைத்தேன். அவ்வளவு தூரம் சுற்றிக்கொண்டு போனால் பேருந்தை விட்டுவிடுவேன். படிவத்தில் ‘வறண்ட நிலம். பயன்பாட்டில் இல்லை. எவரும் இல்லை’ என்று எழுதிவிட்டு வேனில் ஏறிக்கொண்டேன். அடுத்த குளமும் அதே மாதிரிதான் கிடந்தது. அதற்குப் பலகைகூட இல்லை. வேனைவிட்டு இறங்காமலே, முதல் வரிக்குக் கீழே அதையே எழுதினேன். இரண்டு மணிக்கு வீட்டில் இருந்தேன். சர்க்கரைப் பொங்கல் பிரமாதம்.

புத்தகம் வந்தது. நல்ல பெயரும் வந்தது. இரண்டு மூன்று வழக்குகளில் எங்கள் பட்டியலைக் காட்டித்தான் குளத்தைக் காப்பாற்றினார்கள். இயக்குநர் அந்தப் புத்தகத்தை மேசைமேல் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்திருப்பார்.

சில வருஷங்கள் போயின. ஒரு ஜனவரி முதல் வாரம். கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு ஒருவர் மாடியேறி வந்தார். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கட்டு காகிதம். நொத்துன் பேரியின் சங்கச் செயலாளர், பெயர் நிமாய். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், எங்கள் புத்தகத்தின் பின்பக்கத்தில் ‘உதவிக்கு’ என்று போட்டிருந்த முகவரியைப் பார்த்து அனுப்பிவைத்தாராம். அவர் பேசியது வங்காளம், அதை என் தமிழில் சொல்கிறேன். திதி என்றால் அக்கா, பெயருக்குப் பின்னால் தா என்று சேர்த்தால் அண்ணா.

“திதி, எங்க குளத்தை வீட்டு மனையா மாத்தப்போறாங்களாம். பன்னெண்டு நாள்ல விசாரணை. அந்த இடத்துல குளமே கெடையாதுன்னு யாரோ எழுதிக் குடுத்திருக்கான். முப்பத்தஞ்சு குடும்பம் அதுல மீன் பிடிச்சுச் சாப்பிடறோம், இல்லாத குளத்துல எங்கேர்ந்து மீன் வரும்? யாருன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

உறையைப் பிரித்தேன். மேலே நோட்டீஸ். அடுத்து, நில உரிமையாளர் தரப்பின் மனு. அதற்கடுத்து, ஆதாரம் என்று இணைத்திருந்த ஒரு நகல் பக்கம். அது எங்கள் புத்தகத்தின் பக்கம். பேனாவால் அடிக்கோடிட்டிருந்தது. என் வரி.

நிமாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ‘நான்தான் எழுதினேன்’ என்று அப்போதே சொல்லியிருக்கவேண்டும். வாயில் வந்தது என்ன தெரியுமா? “வெச்சிட்டுப் போங்க, நான் பாக்கறேன்.” அவர் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். அந்தக் கும்பிடு என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

இயக்குநரிடம் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் குளங்களுக்காகச் சம்பளமில்லாமல் உழைத்த மனுஷர். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“நாம தப்புன்னு ஒத்துக்கிட்டா என்ன ஆகும், தெரியுமில்ல?” என்றார். “ஒரு வரி தப்புன்னா எல்லா வரியும் தப்புன்னு சொல்வான். இப்ப மூணு வழக்கு இந்தப் புத்தகத்து மேலதான் நிக்குது. ஒரு குளத்துக்காக மூணு குளத்தை விட முடியுமா?”

“அப்ப நொத்துன் பேரி?”

“அச்சுப்பிழைன்னு ஒரு லெட்டர் குடுப்போம். வரி மாறி விழுந்துடுச்சு, அவ்வளவுதான்.”

எனக்கு உயிர் வந்தது. அச்சுப்பிழை! யார் தலையும் உருளாது. நானே தட்டச்சு செய்தேன், அவர் கையெழுத்துப் போட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனால் அன்றைக்கு அது பூசணிக்காயாகவே தெரியவில்லை. பேருந்தில் வீட்டுக்குப் போகும்போதுதான் ஞாபகம் வந்தது, இரும்பு அலமாரியில் என் கையெழுத்தோடு மூலப் படிவம் இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் ‘எங்கே, மூலப் படிவத்தைக் காட்டுங்கள்’ என்று ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. காட்ட முடியாது என்றாலும் தீர்ந்தது. அந்தக் காகிதத்தைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். ஆமாம், யோசித்தேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அம்மா, “என்னட்டி, பேயறைஞ்சவ மாதிரி இருக்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நான்காம் நாள் நொத்துன் பேரிக்குப் போனேன். கடிதத்தைக் காட்டித் தைரியம் சொல்லத்தான் போனேன். கரையில் ஏறிப் பார்த்தேன். இரண்டு மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன. குளத்தை இறைத்துக்கொண்டிருந்தார்கள். முழங்கால் அளவுத் தண்ணீரில் ஆட்கள் வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

“நிமாய் தா, நிறுத்துங்க!” என்று கத்தினேன். “என்ன பண்றீங்க? எட்டு நாள்ல விசாரணை. அதிகாரி வந்து பாத்தா என்ன சொல்வார்? நெலந்தான்னு எழுதிட்டுப் போயிடுவார்!”

நிமாய் சேற்றுக் காலோடு மேலே வந்தார். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“திதி, வருஷா வருஷம் குளிருக்கு இப்படித்தான் இறைப்போம். அடி மண்ணு வெயில்ல காஞ்சு வெடிக்கணும். வண்டலை வெட்டிக் கரைக்குப் போடணும். அப்பறந்தான் புதுத் தண்ணி விடுவோம். காயப்போடலைன்னா அடுத்த வருஷம் மீன் செத்து மெதக்கும். இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?”

எல்லாருக்கும் தெரிந்ததுதான். சைவ வீட்டில் பிறந்து, மீன் கடை இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிற எனக்குத் தெரியவில்லை. தெரியாதது தப்பில்லை. கேட்காததுதான் தப்பு. பயன்பாட்டில் இல்லை என்று எழுதினேனே, அந்தக் குளத்தில் வருஷத்திலேயே முக்கியமான வேலை அந்த மாதத்தில்தான் நடக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கரையிலேயே உட்கார்ந்தேன்.

“நிமாய் தா, அந்தப் பக்கத்தை எழுதினது நான்தான்.”

பக்கத்தில் கூடையில் மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி மாலதி நிமிர்ந்து பார்த்தாள். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். எந்த மாதம், எந்த நாள், எப்படி வந்தேன், எப்படிப் போனேன். என் பொங்கல் என்றால் உங்கள் பௌஷ் சங்கராந்தி என்றேன். மாலதி கையைத் தண்ணீரில் கழுவினாள்.

“நீலப் பொடவை கட்டியிருந்தீங்களா?” என்றாள்.

அன்றைக்கு நான் கட்டியிருந்தது நீலம்தான்.

“சங்கராந்தி அன்னைக்கு யாரு குளத்துல நிப்பா? எல்லாரும் வீட்டுல பிட்டே சுட்டுக்கிட்டிருந்தோம். கரையில ஒரு புதுப் பொம்பளை நிக்கறதைப் பாத்தேன். நல்ல நாளாச்சே, வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகட்டும்னு கையாட்டிக் கூப்பிட்டேன். நீங்களும் கையாட்டிட்டுப் போயிட்டீங்க. யாரோ திமிரு புடிச்சவன்னு இவர்கிட்ட சொன்னேன்.”

அரிசி மாவும் தேங்காயும் ஈச்ச வெல்லமும் வைத்துச் செய்கிற பலகாரம் பிட்டே. அதைச் சாப்பிட ஐந்து நிமிஷம் போயிருந்தால், அந்தக் குளத்தைப் பற்றித் தெரியவேண்டிய எல்லாமும் தெரிந்திருக்கும். நான் எங்கள் வீட்டுப் பொங்கலுக்கு ஓடினேன். உலகத்தில் வேறு யார் போயிருந்தாலும் மன்னிக்கலாம். தை முதல் நாளில் எவனும் வேலைக்குப் போகமாட்டான் என்று தெரிந்தவள், அந்த நாளில் ஆளில்லை என்று எழுதியிருக்கிறேன்.

நிமாய் பீடியைப் பற்றவைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “அதிகாரிகிட்ட இதை இப்படியே சொல்வீங்களா?” என்று மட்டும் கேட்டார். சொல்வேன் என்றேன். “அப்ப மோட்டார் ஓடட்டும்,” என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கிப் போனார்.

மறுநாள் இயக்குநரோடு எனக்குப் பெரிய சண்டை. அச்சுப்பிழைக் கடிதத்தைக் கொடுக்கமாட்டேன் என்றேன். “நீ ஒரு குளத்தைப் பாக்கறே, நான் எல்லாத்தையும் பாக்கணும்” என்று கத்தினார். கீழே பாத்திரக் கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். ஆனால் அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. நான் போய் ‘தப்பு செய்துவிட்டேன்’ என்று அழுதுவிட்டு வந்தால் என் மனசு ஆறும். மற்ற மூன்று குளத்துக்கு யார் பதில் சொல்வது? அதனால் அலமாரியைத் திறந்து, எல்லாப் படிவங்களையும் தரையில் பரப்பினேன். ஒவ்வொன்றிலும் என்ன தேதி, யாரைக் கேட்டார்கள், என்ன எழுதினார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். மூன்று நாள் ஆயிற்று. குளிர்காலத்தில் போன மற்றவர்கள் எல்லாரும் யாரையாவது பிடித்துக் கேட்டிருக்கிறார்கள். ‘வண்டல் எடுப்பதற்காக உலர்த்தியுள்ளனர், சொன்னவர் இன்னார்’ என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார்கள். அப்படி எழுதும்படி படிவத்தில் கட்டமே இல்லை, அவர்களாகவே எழுதியது. படிவத்தைத் தயாரித்த அம்மணி ஒருத்திதான் யாரையும் கேட்கவில்லை. இரண்டு வரிகள். நொத்துன் பேரி ஒன்று, அதற்குக் கீழே இன்னொன்று.

அந்த இரண்டாவது வரியை அன்றைக்கே பார்த்தேன். இதை நன்றாகக் கவனியுங்கள். பார்த்தேன், சிவப்புப் பேனாவால் குறி போட்டேன், விசாரணை முடியட்டும், அப்புறம் இதைப் போய்ப் பார்க்கலாம் என்று எடுத்துவைத்தேன். விசாரணைக்கு ஐந்து நாள் இருந்தது. மூளை முழுக்க நொத்துன் பேரிதான். வேறு எதற்கும் இடமில்லை.

விசாரணை அன்று காலையில் அம்மா தோசை வார்த்து வைத்தாள். ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. பைக்குள் படிவம் இருக்கிறதா என்று பேருந்தில் பத்துத் தடவையாவது தொட்டுப் பார்த்திருப்பேன். நில அலுவலகத்தின் கூடத்தில் மரப் பெஞ்சுகள். நிமாய், மாலதி, சங்கத்து ஆட்கள் எல்லாரும் சலவைச் சட்டையும் புடவையுமாக வந்திருந்தார்கள். இயக்குநர் வந்தார், எனக்குப் பக்கத்தில் உட்காராமல் பின்னால் போய் உட்கார்ந்தார். அதிகாரி குளிருக்குக் காதையும் மூடுகிற குல்லாய் போட்டுக்கொண்டிருந்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் மரியாதையாகத்தான் பேசினார். “நாங்க சொல்லலை சார். சுற்றுச்சூழலைக் காப்பாத்தற அமைப்பே சொல்லுது, இது வறண்ட நிலம்னு.”

“இதை எழுதினது யாரு?” என்றார் அதிகாரி.

எழுந்தேன். “நான்தான் சார். தப்பா எழுதிட்டேன்.”

வக்கீலுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. “பாருங்க சார், அவங்க புத்தகத்தை அவங்களே நம்பலை. அப்ப மத்த பக்கமெல்லாம் எப்படி நம்பறது?”

பின்னால் இயக்குநர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

“மத்த பக்கத்தை நம்பலாம் சார்,” என்றேன். “எல்லாப் படிவமும் கொண்டுவந்திருக்கேன். ஒவ்வொண்ணுலயும் தேதி இருக்கு, யாரைக் கேட்டாங்கன்னு இருக்கு. யாரையும் கேக்காம எழுதினது ரெண்டே ரெண்டு வரி. ரெண்டும் என்னுது. ரெண்டையும் அடிச்சிடுங்க.”

அதிகாரி என் படிவத்தை வாங்கிப் பார்த்தார். குல்லாயைக் கழற்றினார். “ஜனவரி பதினாலா? அன்னைக்குச் சங்கராந்தி இல்ல? சங்கராந்தி அன்னைக்குக் குளத்துல யாரும்மா இருப்பாங்க? நீங்க எதுக்குப் போனீங்க?”

“எனக்கு அன்னைக்குப் பொங்கல் சார். சீக்கிரம் முடிச்சிட்டு வீட்டுக்குப் போகணும்னு அவசரம்.”

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. மாலதி பெஞ்சிலிருந்தே சத்தமாகச் சொன்னாள். “நாங்க கூப்பிட்டோம் சார். அவங்கதான் வரலை.”

“இப்ப குளம் எப்படி இருக்கு?” என்று அதிகாரி கேட்டார்.

நிமாய் எழுந்தார். “இப்பவும் காஞ்சுதான் கெடக்கு சார். இன்னைக்கு வந்தீங்கன்னா மாடு மேயறதைப் பாப்பீங்க. பங்குனி பொறந்து வாங்க, தண்ணியைக் காட்டறேன்.”

அதிகாரி ஏதோ எழுதினார். தண்ணீர் விட்ட பிறகு நேரில் பார்த்துத்தான் முடிவு, அதுவரை ஒரு கூடை மண்கூட அங்கே விழக்கூடாது என்று உத்தரவு. பிறகு வந்து பார்த்தார், மனுவைத் தள்ளுபடி செய்தார். நான் கல்கத்தாவை விட்டு வரும்வரை நொத்துன் பேரியில் மீன் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். மற்ற மூன்று வழக்கிலும் யாரும் எங்கள் புத்தகத்தைக் குறை சொல்லவில்லை. இயக்குநர் படியிறங்கும்போது என் தோளைத் தட்டி, “சாயா குடிக்கலாம் வா” என்றார். எங்கள் சண்டைக்கு அதுதான் சமாதானம். மாலதி ஒரு டப்பாவில் பிட்டே கொண்டுவந்திருந்தாள். வாசலில் நின்றே நான்கு சாப்பிட்டேன். எத்தனையோ நாளுக்கப்புறம் பசித்தது.

இதோடு முடித்திருந்தால் நானும் நிம்மதியாக இருப்பேன், நீங்களும் கைதட்டிவிட்டுப் போவீர்கள்.

சாயாக் கடையில் இயக்குநர் கேட்டார். “ரெண்டு வரின்னு சொன்னியே, அந்த இன்னொண்ணு எது?”

மறுநாள் காலையில் போனேன். இடம் ஞாபகம் இருந்தது, கால்வாய்ப் பாலம் தாண்டி இடதுபக்கம். பாலத்தில் ஏறும்போதே லாரிகளைப் பார்த்தேன். குளத்தில் முக்கால்வாசி மண். தகரத்தில் வேலி அடைத்திருந்தார்கள். காவலாளி ஒருவர் ஸ்டூலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். நல்ல மனுஷர், என்னை உட்காரச் சொன்னார்.

“இங்க ஒரு குளம் இருந்ததே?” என்றேன்.

“குளமா? காஞ்ச நெலம்மா இது. பேப்பர் இருக்கு.” சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு நகலை எடுத்துக் காட்டினார். யாராவது வந்து கேட்டால் காட்டச் சொல்லி முதலாளி கொடுத்திருக்கிறாராம். விரித்துப் பார்க்கவேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

“லாரி எப்பலேர்ந்து வருது?”

“சங்கராந்தி கழிச்சு ரெண்டு நாள் விட்டு ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு நாலாவது நாள்.”

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் சிவப்புப் பேனாவால் குறி போட்டு எடுத்துவைத்த அன்றைக்கு அங்கே ஒரு லாரிகூட வரவில்லை. மண் விழாத வெறும் குளம், காய்ந்து, அடுத்த தண்ணீருக்காகக் காத்துக்கொண்டு கிடந்திருக்கிறது.

புகார் எழுதினோம், அலைந்தோம், வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவும் வாங்கினோம். உத்தரவு வந்தபோது தூர்த்து முடித்திருந்தார்கள். அந்தக் குளத்தில் மீன் பிடித்தவர்களைத் தேடிப் போனேன். நொத்துன் பேரிக்கு இருந்த மாதிரி அவர்களுக்குச் சங்கம் இல்லை, எங்கள் மாடிப்படி ஏறி வர ஒரு நிமாய் இல்லை. குத்தகைக்கு எடுத்தவர்கள், எங்கேயோ கூலிக்குப் போய்விட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். எத்தனை குடும்பம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் படிவத்தில் ‘வறண்டது’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ‘யாரைக் கேட்டேன்’ என்று ஒரு கட்டம் போடுங்கள். அது காலியாக இருந்தால் அந்தத் தாளை அலுவலகத்துக்குக் கொண்டுவராதீர்கள், திரும்பிப் போங்கள். யாராவது கையாட்டினால், பேருந்து போனால் போகட்டும் என்று போய்க் கேளுங்கள். தப்பு என்று ஒரு வரியைக் கண்டுபிடித்துவிட்டால், எவ்வளவு பெரிய தீ வேறெங்கே எரிந்துகொண்டிருந்தாலும், அன்றைக்கே அங்கே ஒரு ஆளை அனுப்புங்கள். இவ்வளவும் எனக்கு இப்போது தெரிகிறது.

என் மூலப் படிவத்தை நான் கிழிக்கவில்லை. ஓய்வு பெற்றபோது கேட்டு வாங்கிக்கொண்டேன். அதன் நகல் ஒன்றை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். முதல் வரியில் நொத்துன் பேரி என்று இருக்கும். இரண்டாவது வரியில் குளத்தின் பெயர் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டிருப்பேன், பாருங்கள். இன்றுவரை அந்தக் குளத்துக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது.